கடைசி ஆறு வாரத்தில் எந்தக் கணக்கைப் போடுவது?

ஜனவரி பிறந்துவிட்டால் தில்லியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீட்டை விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் டிக்கெட்டை ரத்து செய்திருப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் துணி போர்த்தியிருக்கும். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. நயீ சடக்கிலிருந்து வாங்கி வந்த கைடுகளும், பள்ளியில் கொடுத்த தாள்களும், டியூஷன் சென்டர்காரர் கொடுத்த கட்டும், பக்கத்து வீட்டு மாமி போன வருஷம் தன் பிள்ளைக்கு வாங்கிய பழைய வினாத்தாள் தொகுப்பும் அடுக்கியிருக்கும். நம் காலத்தில் பயிற்சிக்குக் கணக்கு கிடைப்பது கஷ்டம். இன்று கிடைத்த கணக்குகளில் எதைப் போடுவது, எதை விடுவது என்பதுதான் கஷ்டம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒவ்வொரு வருஷமும் இந்த மாதங்களில் என்னிடம் வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சார், எத்தனை பேப்பர் போட்டால் போதும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு சின்னக் கூட்டல் பெருக்கல் செய்து காட்டுவது என் வழக்கம். ஆறு வாரம் என்றால் 42 நாள். மற்றப் பாடங்களும் இருப்பதால் கணக்குக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 63 மணி. ஒரு முழுத் தாளைப் போட 3 மணி. அதைத் திருத்தி, தவறைப் பார்த்து, மறுபடி போட்டுப் பார்க்க இன்னும் ஒன்றரை மணி. ஆக ஒரு தாளுக்கு நாலரை மணி. வேறு எதுவுமே செய்யாவிட்டாலும் 14 தாளுக்கு மேல் முடியாது. மேசைமேல் இருக்கும் ஒரு கைடில் மட்டும் முப்பது தாள் இருக்கிறது! திருத்தாமல், தவறைப் பார்க்காமல் வேகமாகப் போட்டுத் தள்ளினால் முப்பதும் முடியலாம். ஆனால் முதல் தாளில் செய்த தவறையே முப்பதாவது தாளிலும் செய்துகொண்டிருப்பதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

வாரியம் 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு என்று ஆக்கிவிட்டது. முதலாவதை எல்லோரும் எழுத வேண்டும். மே மாதத்தில் வரும் இரண்டாவதில் விரும்பியவர்கள் மூன்று பாடம் வரை மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். இதைக் கேட்டு "அதுதான் மே மாதம் இருக்கிறதே" என்று சில பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2026 அட்டவணையில் கணக்கு பிப்ரவரி 17-ஆம் தேதி, முதல் தாளாகவே வந்தது. முன்பு மார்ச் வரை இழுத்தடிக்கலாம் என்றிருந்த கதை இல்லை.

சரி, தாள் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2023 தேர்விலிருந்து 80 மதிப்பெண்ணுக்கு 38 கேள்விகள், ஐந்து பகுதிகள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 20 (அதில் கடைசி இரண்டு கூற்று - காரணம் வகை), இரண்டு மதிப்பெண் 5, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 4, பிறகு ஒரு சூழலைச் சொல்லி அதன் கீழ் கேள்வி கேட்கும் கேஸ் ஸ்டடி 3, ஒவ்வொன்றும் நான்கு மதிப்பெண். பாடவாரியாகப் பார்த்தால் இயற்கணிதம் 20, வடிவியல் 15, முக்கோணவியல் 12, புள்ளியியலும் நிகழ்தகவும் 11, அளவியல் 10, எண்கள் 6, ஆயத்தொலை வடிவியல் 6. மீதி 20 பள்ளியின் உள்மதிப்பீடு; அது பெரும்பாலும் கைக்கு வந்துவிட்ட காசு.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய தாள் என்று நாம் பத்திரப்படுத்தி வைத்திருப்பதில் பாதி இந்த அச்சிலே இல்லை. 2018, 2019 தாள்களில் 30 கேள்வி. நாலு மதிப்பெண்தான் அதிகம், ஐந்து மதிப்பெண் கேள்வியே கிடையாது. 2020-இல் 40 கேள்வி. 2021-இல் தேர்வே நடக்கவில்லை. 2022-இல் இரண்டு பருவமாகப் பிரித்து, முதல் பருவம் முழுவதையும் கட்டத்தைக் கறுப்பாக்கும் விடைத்தாளில் நடத்தினார்கள். ஆகவே மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க 2023-க்குப் பிந்திய தாள்களும், வாரியம் ஒவ்வொரு ஆண்டும் விடைத்திட்டத்தோடு வெளியிடும் மாதிரித் தாளும்தான் லாயக்கு. அதற்கு முந்தியவை தனித்தனிக் கணக்கு பொறுக்கிக்கொள்ள உதவும், அதுவும் சலித்து எடுத்தால்.

சலிப்பது என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து 15 அத்தியாயத்தில் ஒன்று முழுவதுமாகவே போய்விட்டது: செய்முறை வடிவியல். காம்பஸ் வைத்து முக்கோணம் வரைவது, தொடுகோடு வரைவது எதுவும் இல்லை. யூக்ளிடின் வகுத்தல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை, வர்க்கப் பூர்த்தி முறை, வடிவொத்த முக்கோணங்களின் பரப்பு விகிதம், மூன்று புள்ளிகள் கொடுத்து முக்கோணத்தின் பரப்பு காண்பது, நிரப்புக் கோணங்களின் விகிதங்கள், கூம்பின் இடைக்கண்டம், ஒரு திண்மத்தை உருக்கி இன்னொன்றாக வார்க்கும் கணக்கு, குவிவு நிகழ்வெண் வளைகோடு - இவ்வளவும் போயிற்று.

இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிரமம். தமிழ்நாட்டில் படித்த தகப்பனாருக்கு வரைபடமும் செய்முறை வடிவியலும் என்றால் உயிர். அங்கே அவை நிச்சய மதிப்பெண். சென்ற வருஷம் மயூர் விஹாரில் ஒரு நண்பர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், தன் பையனைத் தினம் ஒரு மணி நேரம் காம்பஸோடு உட்கார வைத்திருந்தார். "அப்பா, இது எங்க சிலபஸ்லயே இல்லப்பா" என்று பையன் சொன்னால், "சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு" என்று பதில். நான் போய்ப் பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியைக் காட்டிய பிறகுதான் நம்பினார். இரும்புக் குண்டை உருக்கிக் கம்பி இழுக்கும் கணக்கு இல்லாத ஒரு கணக்குத் தாளா என்று அவருக்கு ஏற்பட்ட வருத்தம் எனக்கும் கொஞ்சம் உண்டு. நல்ல கணக்குதான். ஆனால் ஆறு வாரத்தில் அதற்கு இடமில்லை.

பாடத்திட்டத்திலேயே எல்லை கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உயரமும் தூரமும் கணக்கில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் 30, 45, 60 பாகை மட்டுமே. இரண்டு செங்கோண முக்கோணங்களுக்கு மேல் வராது. வட்டத்துண்டின் பரப்பு என்றால் மையக்கோணம் 60, 90, 120 மட்டுமே. திண்மங்களைச் சேர்ப்பதென்றால் ஏதேனும் இரண்டைத்தான் சேர்ப்பார்கள். கைடில் ஒரு கோபுரம், ஒரு கொடிக்கம்பம், அதன்மேல் ஒரு காக்கை என்று மூன்று முக்கோணம் வந்தால், அந்தக் கணக்கின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள்கள் 2020 தேர்விலிருந்து இருக்கின்றன. முதலாவதன் எண் 041, இரண்டாவதன் எண் 241. பாடத்திட்டம் ஒன்றுதான், கேள்வியின் கனம் வேறு. ஸ்டாண்டர்டுக்குப் பெயர் கொடுத்த பிள்ளை பேசிக் தாள்களில் பயிற்சி செய்து 76, 78 என்று வாங்கி மகிழ்ந்துகொண்டிருக்கும். தாளின் தலைப்பில் இருக்கும் அந்த மூன்று இலக்கத்தை ஒரு முறை பாருங்கள்.

இனி, எந்தக் கணக்கு என்ற கேள்விக்கு வருவோம். பதில் கைடில் இல்லை, பிள்ளையின் விடைத்தாளில் இருக்கிறது. முதல் வாரம் முதல் ஞாயிறன்று ஒரு முழுத் தாளை, நடுவில் காபி கீபி எதுவும் இல்லாமல், மூன்று மணி நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். வாரியத்தின் விடைத்திட்டத்தை வைத்துத் திருத்துங்கள். பிறகு போன மதிப்பெண்களை மட்டும் எடுத்து மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் கை தவறியது, கேள்வியே புரியாமல் அல்லது நேரம் போதாமல் விட்டது.

ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு பெண். 80-க்கு 54. "எனக்கு டிரிக்னாமெட்ரி வரவே வரல மாமா" என்று அழுகை. அவள் தகப்பனார் அந்த அத்தியாயத்தில் இருநூறு கணக்கு குறித்து வைத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். போன 26-இல் தெரியாமல் விட்டது 7. கை தவறியது 11. புரியாமலும் நேரமில்லாமலும் விட்டது 8. முக்கோணவியலில் போனது மொத்தமே 3 மதிப்பெண். இயற்கணிதத்தில் குறி மாற்றியே 6 போயிருந்தது. அந்த இருநூறு கணக்கையும் அவள் போட்டிருந்தால் மூன்று வாரம் போயிருக்கும். வந்திருக்கக்கூடியது அந்த மூன்று மதிப்பெண். பிள்ளைகள் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதிலேதான் மதிப்பெண் போகிறது என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இருப்பதில்லை.

மூன்று வகைத் தவறுக்கும் மூன்று வகைக் கணக்கு வேண்டும். தெரியாததற்கு மருந்து பாடப்புத்தகமே. அந்தப் பகுதியில் விளக்கிக் காட்டியிருக்கும் எடுத்துக்காட்டை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்து, பிறகு பயிற்சியிலிருந்து ஒரு சுலபமானது, ஒரு நடுத்தரமானது, ஒரு கஷ்டமானது. மூன்று போதும், மூன்று நாள் கழித்து இன்னும் ஒன்று.

கை தவறுவதற்கு நீண்ட கணக்கு கொடுத்துப் பயனில்லை. இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் காண்பது, சராசரி அட்டவணை போடுவது, கூட்டுத் தொடரில் பத்தாவது உறுப்பு காண்பது போன்ற இரண்டு நிமிஷக் கணக்குகள், நாளுக்கு ஐந்தாறு. ஆனால் ஒரு நிபந்தனை: விடையைப் பின்பக்கம் பார்க்கக்கூடாது, தானே சரிபார்க்க வேண்டும். மூலம் வந்ததா, சமன்பாட்டில் போட்டுப் பார். இடைநிலை வந்ததா, அது அந்தப் பிரிவுக்குள்ளேதான் விழுகிறதா பார். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டினால் சிரித்துவிட்டு மறுபடி போடு. தேர்வு அறையில் பின்பக்கம் விடை இருக்காது அல்லவா? சரிபார்க்கும் பழக்கம்தான் அங்கே உடன் வரும். பிரிவுகள் 1-10, 11-20 என்று இடைவெளி விட்டு வந்தால் 0.5, 10.5 என்று திருத்திக்கொள்ள மறப்பதும் இந்த வகைதான். அப்படிப்பட்ட அட்டவணைகளாகப் பார்த்து நாலைந்து பொறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகைதான் நம் வீடுகளில் அதிகம். கேள்வி புரியாததற்குக் கணக்கு தெரியாதது காரணமில்லை. நீண்ட இங்கிலீஷ் வாக்கியம் காரணம். தாளில் இங்கிலீஷும் இந்தியும் இருக்கும். வீட்டிலே தமிழ், விளையாட்டில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் வாழும் பிள்ளை, கேஸ் ஸ்டடியின் பத்து வரியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரியை மறந்துவிடுகிறது. இதற்கு நான் செய்வது: பத்து எழுத்துக் கணக்குகளை எடுத்து, எதையும் தீர்க்காமல், சமன்பாடு மட்டும் எழுதச் சொல்வது. இருபது நிமிஷம். உதாரணமாக, 300 கிலோமீட்டர் போகும் ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் கூட்டினால் ஒரு மணி முன்னதாகப் போய்ச் சேரும், அதன் வேகம் என்ன? நேரத்திலிருந்து நேரத்தைக் கழித்தால் ஒன்று, அவ்வளவுதான் சமன்பாடு. (வேகம் 50 என்று வரும்.) அடுத்து ஒரு படகு: அசையாத நீரில் மணிக்கு 10 கிலோமீட்டர், 24 கிலோமீட்டர் எதிர்நீச்சலில் போக, ஓட்டத்தோடு போவதைவிட ஒரு மணி கூடுதல் ஆகிறது, நீரோட்டத்தின் வேகம் என்ன? மறுபடியும் நேரத்திலிருந்து நேரம், ஒன்று. (2 என்று வரும், 8-ஆல் போக மூன்று மணி, 12-ஆல் வர இரண்டு மணி.) ரயிலும் படகும் ஒரே கணக்குதான் என்று பிள்ளைக்கு ஒரு நாள் தானாகத் தெரிய வேண்டும். அன்று முதல் அந்த வகையில் பத்துக் கணக்கு மிச்சம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்கு எல்லாம் தமிழ்ல தான் தெரியும், சர்வசமம், தொடுகோடுன்னு சொன்னா இவன் முழிக்கிறான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். கேள்வியைப் பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும். பிறகு, "என்ன கொடுத்திருக்கான், என்ன கேக்கறான், தமிழ்ல சொல்லு கண்ணா" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்துவிட்டது என்று பொருள். இதற்கு நீங்கள் கணக்கு மறக்காமல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கணக்குகளைப் பொறுக்கியாயிற்று. அவற்றை எந்த வரிசையில் கொடுப்பது? அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுப்பது வழக்கம். கடைசி வாரங்களில் அது கூடாது என்பது என் அபிப்பிராயம். "இருபடிச் சமன்பாடுகள்" என்ற தலைப்பின் கீழ் ஒரு கணக்கைப் பார்த்தால், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இருப்பதில்லை. இதை அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் சோதித்துப் பார்த்து 2007-இல் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாலு வகைத் திண்மங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்து, ஒரு சாராருக்கு வகைவாரியாகவும் இன்னொரு சாராருக்குக் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்களே நன்றாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது கலந்து போட்டவர்கள் வெகுவாக முந்திவிட்டார்கள். ஆகவே கலந்து போடும்போது பிள்ளை தடுமாறுவதைக் கண்டு "முன்னே நன்னா போட்டுண்டிருந்தானே" என்று கலங்க வேண்டாம்.

கலப்பதற்கு என் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பொறுக்கிய கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட்டுவிடுவேன். தினம் ஆறு சீட்டு எடுக்க வேண்டும். சரியாகப் போட்ட சீட்டு வெளியே. தப்பாகப் போட்டது மறுபடி டின்னுக்குள். தைரியமாகக் கைவிட்டு எடுக்கும் பிள்ளைகள் இரண்டாவது வாரத்தில் சீட்டின் கையெழுத்தைப் பார்த்ததும் "ஐயோ, இவனா!" என்பார்கள். அந்த "இவன்" வெளியேறும் வரை டின் மூடப்படுவதில்லை.

எதை விட வேண்டும் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. "கஷ்டமான கணக்கைப் போட்டால் சுலபமானது தானே வரும்" என்பது பல தகப்பனார்களின் சித்தாந்தம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கான அடித்தளப் புத்தகத்தை இந்த ஆறு வாரத்தில் திறப்பவர்கள் உண்டு. அது நல்ல புத்தகமாகவே இருக்கட்டும், ஏப்ரலில் திறக்கலாம். 50-இல் இருக்கும் பிள்ளைக்கு மேலே வருவதற்கு வேண்டியது இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்விகளில் தவறாமை. 70-ஐத் தாண்டிய பிள்ளைக்கு மட்டும் என்.சி.இ.ஆர்.டி.யின் எக்ஸெம்ப்ளர் தொகுப்பு. அதுவும் பாடக்குறைப்புக்கு முந்தியது, ஆகையால் சலித்து எடுக்க வேண்டும்.

நிச்சய மதிப்பெண் என்று இந்தத் தாளிலும் சில உண்டு. √2, √3, √5 விகிதமுறா எண் என்று நிறுவுவது. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு வரைந்தால் மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்ற தேற்றம். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து, வெளிப்புள்ளியிலிருந்து வரையும் இரு தொடுகோடுகளும் சமம் என்ற இரண்டும். நிறுவ வேண்டியவை என்று பாடத்திட்டமே பெயர் சொல்லிக் குறித்திருப்பவை. இவற்றைப் புத்தகம் பார்க்காமல் வாரத்துக்கு ஒரு முறை எழுதிப் பார்த்துவிட வேண்டும், படித்துப் பார்த்தால் போதாது.

முழுத் தாள்கள் மொத்தம் ஐந்தோ ஆறோ போதும், வாரத்துக்கு ஒன்று. பள்ளியில் நடக்கும் முன்தேர்வுத் தாளும் இந்தக் கணக்கில் சேரும். திருத்தும்போது படிக்குப் படி மதிப்பெண் என்பதை நினைவில் வையுங்கள்: விடை தப்பானாலும் சமன்பாடு சரியென்றால் அதற்கு உண்டு, வேறு வழியில் சரியாகச் செய்தாலும் உண்டு. தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை என்பதால் ஒரு மதிப்பெண் கேள்வி இருபதில் ஒன்றைக்கூட வெறுமையாக விட்டிருக்கக் கூடாது.

கடைசி ஐந்து நாளில் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். மேசையைச் சுத்தம் செய்து, கைடுகளைக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடலாம். பிஸ்கட் டின்னில் மிச்சமிருக்கும் சீட்டுகள், தப்பானவற்றைக் குறித்த நோட்டு, சூத்திரங்கள் எழுதிய இரண்டு பக்கம், இவ்வளவுதான். நண்பன் போனில் "இது வரும்னு எங்க சார் சொன்னார்" என்று ராத்திரி பத்து மணிக்குச் சொல்லும் கணக்கை, நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு காலையில் கிழித்துப் போடுங்கள்.

தேர்வு அறையிலும் ஒரு பொறுக்குதல் இருக்கிறது. பத்தேகாலுக்குத் தாள் கொடுத்து, பத்தரைக்குத்தான் எழுத விடுவார்கள். இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் சில கேள்விகளுக்கு "அல்லது" உண்டு. கேஸ் ஸ்டடியின் இரண்டு மதிப்பெண் பிரிவிலும் உண்டு. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் "அல்லது" இருக்கும் இடங்களை மட்டும் படித்து, இதுவா அதுவா என்று மனசுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். மூன்று மணி நேரத் தாள் எழுதும் ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பதினைந்து நிமிஷத்தையும் சேர்த்தே, பேனாவை மூடி வைத்து, பழக்கிவிடுங்கள்.